.357 ரிவால்வருக்கு ஈயக் குண்டு: ஆறு ஆண்டு அனுபவம்

அரிசோனாவில் ஆறு ஆண்டுகளாக என் .357 மேக்னம் ரிவால்வருக்கு நானே தோட்டா நிரப்பிச் சுடுகிறேன். கடினமான ஈயம்தான் குழலில் ஒட்டாது என்று தொடக்கத்தில் உறுதியாக நம்பினேன். பிரினெல் எண் (உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்) 18 என்று அச்சிட்ட 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டுகளை வாங்கி, இதே ரிவால்வரில் பொருந்தும் சற்றுக் குட்டையான .38 ஸ்பெஷல் உறைகளில் வினாடிக்கு 750 அடி வேகத்துக்கு நிரப்பினேன். ஐம்பது தோட்டாக்கள் சுட்டுவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பிடித்தால், சிலிண்டரை ஒட்டிய முனையில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களே தெரியவில்லை. செம்பு நார் சுற்றிய தூரிகையால் அரை மணி நேரம் தேய்த்தேன். வெள்ளித்தாள் கிழிசல்போல ஈயம் உதிர்ந்தது.

மெதுவான தோட்டாவில் அழுத்தம் குறைவு. அதனால் கடினமான குண்டு விரிந்து குழலை அடைப்பதில்லை. இடுக்கு வழியே பாயும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்து ஈயத்தைச் சுவரில் பூசிவிடுகிறது. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த, பிரினெல் எண் 10 அளவிலான குண்டுக்கு மாறினேன். அதே வேகத்தில் இருநூறு தோட்டாக்கள் சுட்ட பிறகும் குழல் பளபளத்தது. ஆனால் 1,200 அடிக்கு அதே குண்டு தாங்கவில்லை. அந்த வேகத்துக்கு, அடியில் செம்புத் தொப்பி பொருத்திய கடினமான குண்டையே பயன்படுத்துகிறேன். அடிப்பகுதி குழிந்த வாட்கட்டரை (தட்டையான முனை கொண்ட இலக்குப் பயிற்சிக் குண்டு) மட்டும் ஒருபோதும் வேகமாகச் சுடாதீர்கள். குழியைச் சுற்றியுள்ள மெல்லிய சுவரான அதன் பாவாடை பிய்ந்து குழலிலேயே தங்கிவிடக்கூடும்.

கடினத்தைவிட முக்கியமானது விட்டம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இரண்டாவதாக வாங்கிய ரிவால்வரில் எந்தக் குண்டைப் போட்டாலும் ஈயம் ஒட்டியது. அளந்தபோது, சிலிண்டர் அறைகளின் வாய் குழலின் வரிப்பள்ள விட்டத்தைவிடக் குறுகலாக இருந்தது. .358 அங்குலக் குண்டும் அங்கே நசுங்கிச் சிறுத்து, குழலுக்குள் தளர்வாகவே நுழைந்திருக்கிறது. துப்பாக்கி மெக்கானிக் ஆறு வாய்களையும் சீராகத் துருவிக் கொடுத்தார். இப்போது .358 குண்டு விரலால் அழுத்தினால் லேசான பிடிப்போடு இறங்குகிறது. புதிய ரிவால்வர் வாங்குபவர்கள் குண்டுப் பெட்டியைத் தேடுவதற்கு முன் இந்த அளவைப் பாருங்கள்.

பவுடர் அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்கிறேன். குண்டைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இந்த ஆண்டு, குண்டில் வழுக்கலுக்காகப் பூசும் மெழுகுக்குப் பதிலாக வண்ணப் பூச்சு ஏற்றிய குண்டுகளை முயன்று வருகிறேன். முந்நூறு சுட்டாயிற்று, புகை வெகுவாகக் குறைந்திருக்கிறது, குழலில் ஈயம் இல்லை.