பரோலோவா, பார்பரெஸ்கோவா?

இரண்டுமே இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியின் சிவப்பு ஒயின்கள். இரண்டிலும் நெபியோலோ திராட்சையைத் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது. ஆல்பா நகருக்குத் தென்மேற்கே பரோலோ, கிழக்கே பார்பரெஸ்கோ. ஆனாலும் பரோலோவை அண்ணனாகவும் மற்றதை விலை குறைந்த தம்பியாகவும் பார்க்கும் பழக்கம் போகவில்லை. இது பார்பரெஸ்கோவுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் திராட்சையைப் பார்த்துவிடலாம். நெபியோலோவின் தோல் மெல்லியது, நிறமும் குறைவு. கோப்பையைச் சாய்த்து அடியில் விரலை வைத்தால் ஒயின் வழியே விரல் தெரியும். கொஞ்சம் வயதான ஒயின் என்றால் விளிம்பில் செங்கல் நிறம் ஓடும். ரோஜா, தார், காய்ந்த செர்ரி என்று மணம் மேலே வரும். நிறத்தை நம்பி ஒரு வாய் குடித்தால் கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஈறு இறுகிவிடும். துவர்ப்பு அவ்வளவு, புளிப்பும் அதற்குச் சளைத்ததல்ல. பல வருடம் கெடாமல் நிற்பதும் இந்த இரண்டின் தயவில்தான். இந்தத் திராட்சை முந்தித் துளிர்த்து, பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கும். அதனால் வெயில் நன்றாக விழும் சரிவுகள் வேண்டும், வசந்தத்தின் உறைபனிக்கும் அறுவடைக்கால மழைக்கும் பயந்தாக வேண்டும்.

இந்தத் துவர்ப்பை ஆற்றத்தான் சட்டம் காத்திருக்கச் சொல்கிறது. பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. பலரும் தரத்தை இந்த எண்களை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஆனால் பார்பரெஸ்கோவுக்குக் குறைந்த காலம் போதும் என்பதற்குக் காரணம் வேறு. பார்பரெஸ்கோ பக்கம் தானாரோ ஆறு ஓடுகிறது, நிலமும் சற்றுத் தாழ்வு, அதனால் பழம் பொதுவாகக் கொஞ்சம் முன்னதாகவே பழுக்கிறது. துவர்ப்பு சீக்கிரம் வழிக்கு வருகிறது, மணமும் சீக்கிரம் திறக்கிறது.

சரி, பரோலோ என்றாலே முரடா? அப்படியும் இல்லை. அந்தப் பெயரை 11 ஊர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. லா மோரா மண்ணில் வருவது இளமையிலேயே மணத்துடன் மென்மையாக இருக்கும். செர்ராலுங்காவின் பழைய, இறுகிய மண்ணில் வருவதை 10 வருடமாவது தொடாமல் வைப்பது நல்லது. லா மோராவின் பரோலோ பல நேரம் செர்ராலுங்காவைவிட பார்பரெஸ்கோவுக்கே நெருக்கமாக எனக்குப் படுகிறது. ஆகவே லேபிளில் ஊர்ப் பெயரையும் தேடுங்கள். தயாரிப்பவரின் கையும் முக்கியம். 1980களில் சிலர் சிறிய புதிய ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள், மற்றவர்கள் பெரிய பழைய பீப்பாய்களை விடவில்லை. நான் பெரிய பீப்பாய்க் கட்சி. புது ஓக்கின் வனிலா வாசனை ஏறினால் ரோஜா மணம் அமுங்கிவிடுகிறது.

விலையில் பார்பரெஸ்கோ பக்கமே சாய்வேன். 1958-இல் ஒரு பாதிரியார் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய ‘ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ’ என்ற கூட்டுறவு இன்றும் நெபியோலோவை மட்டுமே வைத்து ஒயின் செய்கிறது. நியாயமான விலையில் இந்தத் திராட்சையின் குணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் புட்டிகள் குறைவு.

இந்த வருடமே திறக்கப்போகிறீர்கள் என்றால் பார்பரெஸ்கோ வாங்குங்கள். குளிர்ச்சியான, இருட்டான இடமும் பொறுமையும் இருந்தால் செர்ராலுங்கா பரோலோ. எதுவானாலும் இளம் புட்டியை ஓரிரு மணி நேரம் முன்பே வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். அப்புறம் கூடவே வெகுநேரம் வெந்த இறைச்சியோ வெண்ணெயில் புரட்டிய ‘தயாரின்’ என்ற பியட்மாண்ட் முட்டை நூடுல்ஸோ இருக்கட்டும்; கொழுப்பு சேர்ந்தால் துவர்ப்பு நன்றாகவே அடங்கும்.