பொருளாதாரமும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த இரட்டை முதுகலை: கட்டுகிற காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. பொருளாதாரப் பாதிக்கு நாலரை கொடுப்பேன், சர்வதேச உறவுகள் பாதிக்கு நான்கு, இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் லட்சணத்துக்கு இரண்டு. தனித்தனியாகப் படிக்காமல் இதை எடுப்பதே அந்தச் சேர்க்கைக்காகத்தான் என்பதால் அந்த இரண்டு கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

ப்ரோஷரில் இரட்டைப் பட்டம் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஒரு வகையில் இரண்டு துறைகளிலும் தனித்தனியாக அட்மிஷன் வாங்கி இரண்டு பட்டம் வாங்குவீர்கள். சில பாடங்களின் கிரெடிட் இரண்டு பக்கமும் கணக்கில் வருவதால் நான்கு வருடம் ஆக வேண்டியது பெரும்பாலும் மூன்றில் முடியும். இன்னொரு வகையில் பள்ளியும் (பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் தனிக் கல்லூரி) ஒன்று, பட்டமும் ஒன்று, ஆனால் உள்ளே பொருளாதாரம் கனமாக இருக்கும். 1943-இல் தொடங்கிய சாய்ஸ் (SAIS), அதாவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் பள்ளி, இதற்குப் பேர்போனது. மைக்ரோ (தனிமனிதரும் நிறுவனமும் எடுக்கும் முடிவுகள்), மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்), வர்த்தகக் கோட்பாடு, நாணயக் கோட்பாடு நான்கையும் ராஜதந்திரம் படிக்க வந்தவர்கள் தலையிலும் நெடுங்காலம் கட்டிவந்த இடம். ஹார்வர்டு கென்னடி பள்ளியின் சர்வதேச வளர்ச்சிப் படிப்பு, பல மாறிகள் கொண்ட கால்குலஸ் படித்திருக்கிறாயா என்று வாசலிலேயே கேட்கும். அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவராகப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: பொருளாதாரப் பட்டம் அமெரிக்க அரசின் எந்தப் பாடக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது? எகனாமெட்ரிக்ஸுக்கான (புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் பாடம்) 45.0603 என்றால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வரும், படிப்புக்குப் பின் வேலை பார்க்க 12 மாதத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் கிடைக்க வழி உண்டு. பொதுப் பொருளாதாரத்துக்கான 45.0601 என்றால் அந்த நீட்டிப்பு இல்லை. இதை எந்த ப்ரோஷரும் கொட்டை எழுத்தில் போடாது.

சரி, பொருளாதாரப் பாதி. வகுப்பு தொடங்கும் முன் மேத் கேம்ப் என்று ஒன்று வைப்பார்கள். அறிமுக விழா மாதிரி நினைத்து அதற்கு டிமிக்கி கொடுக்காதீர்கள், அங்கே லக்ராஞ்ச், குன்-டக்கர், மேட்ரிக்ஸ் என்று கணித முறைகள் எல்லாம் புரளுகிற வேகம்தான் முதல் செமஸ்டரின் வேகம். வாராவாரம் ப்ராப்ளம் செட். மைக்ரோவில் கணக்கு முடிந்ததா, அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் நின்று சொல்வதில்லை, அது எனக்குக் குறையாகவே பட்டது. ஆனால் எகனாமெட்ரிக்ஸ் ஒன்றுக்காகவே இந்தப் பாதிக்கு நாலரை. கருவி மாறி, வித்தியாசங்களின் வித்தியாசம் என்று, எது எதற்குக் காரணம் எனக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையாகப் பிரித்து, எந்த அனுமானம் உடைந்தால் முடிவு முழுவதும் உடையும் என்று காட்டினார்கள். அதற்கப்புறம் "இந்த ஒப்பந்தத்தால் ஏற்றுமதி உயர்ந்தது" என்று ஒரு அறிக்கை சொன்னால், ஒப்பந்தம் போடாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்ற கேள்வி தானாக வருகிறது.

சர்வதேச உறவுகள் பாதியில் கணக்கு கிடையாது, படிக்கத்தான் படிக்க வேண்டும், வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதையும் வகுப்பில் வாய் திறந்து பேசும் அளவுக்கு. பொருளாதாரத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். நாடுகளின் அதிகாரச் சமநிலை பற்றி எழுதிய கென்னத் வால்ட்ஸ், மோதலையும் பேரத்தையும் ஆட்டக் கோட்பாட்டால் விளக்கிய தாமஸ் ஷெல்லிங், உள்நாட்டு அரசியலும் வெளிநாட்டுப் பேச்சுவார்த்தையும் ஒரே நேரத்தில் ஆடப்படும் இரண்டு ஆட்டங்கள் என்று 1988-இல் ராபர்ட் புட்னம் எழுதியது, இதெல்லாம் வந்ததும் அந்த லேசு போய்விடும். ஷெல்லிங் பொருளாதார நிபுணர், 2005-இல் பொருளாதார நோபலும் வாங்கியவர், ஆனால் அவரை எங்களுக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது இந்தத் துறைதான். அப்புறம் இரண்டு பக்க பாலிசி மெமோ, அதாவது அரசு என்ன செய்யலாம் என்று சொல்லும் குறிப்பு. அமைச்சர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்து எழுத வைப்பார்கள். வேலைக்குப் போனபின் மற்ற எதையும்விட இதுதான் அதிகம் உதவுகிறது.

இனி, எதற்காக இந்தப் படிப்பை எடுத்தோமோ அந்த விஷயம். மேக்ரோ வகுப்பில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் என்றால் வட்டி விகிதத்துக்கும் வளர்ச்சி விகிதத்துக்கும் உள்ள இடைவெளி, பட்ஜெட்டின் முதன்மை உபரி (வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்க்கும் உபரி), கடன் தாங்குமா தாங்காதா என்ற கணக்கு. அடுத்த கட்டிடத்தில், சர்வதேச உறவுகள் வகுப்பில், அதே ஐஎம்எஃப் என்றால் ஓட்டு: முக்கியமான சில முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்கா ஒன்றிடமே 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, ஆக அது தலையாட்டாமல் அவை நகராது. இரண்டும் உண்மை. இப்படி இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஐ.நா. பாதுகாப்பு சபையில் சுழற்சி முறையில் ஒரு நாடு இடம் பெற்றால் அதற்கு வரும் அமெரிக்க உதவி எவ்வளவு மாறுகிறது என்று குசீம்கோவும் வெர்க்கரும் பார்த்தார்கள். 59 சதவீதம் உயர்கிறது என்று 2006-இல் வெளியிட்டார்கள். கேள்வி ஒரு துறையுடையது, முறை இன்னொரு துறையுடையது. இரண்டு பக்கமும் பயிற்சி இருந்தால்தான் இப்படி ஒன்றை நம்பவும் முடியும், சந்தேகப்படவும் முடியும்.

அந்நியச் செலாவணி கையிருப்பும் அப்படித்தான். 1997 ஆசிய நெருக்கடிக்குப் பின் நாடுகள் டாலரைக் குவித்தது தற்காப்புக் காப்பீடு என்று மேக்ரோவில் படிப்போம். 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறக்குறைய 30,000 கோடி டாலர் மேற்கத்திய நாடுகளால் முடக்கப்பட்டதும் அந்தக் காப்பீட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதை விவாதிக்க இந்தப் படிப்பைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. ஆனால் நான் இருந்தவரை இரண்டு துறையும் சேர்ந்து நடத்திய வகுப்பு ஒன்றுகூட இல்லை. தாலி கட்டி வைத்துவிட்டுத் தனித்தனி வீட்டில் குடிவைத்த மாதிரிதான். நாமே இங்கேயும் அங்கேயும் ஓடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகமும் அதே கதை. இரண்டு துறையின் கட்டாயப் பாடங்களும் ஒரே நேரத்தில் விழும். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கேயே அனுப்புவார்கள். ஒரு துறை கொடுத்த ஸ்காலர்ஷிப், மற்ற துறையின் பெயரில் பதிவு செய்த செமஸ்டருக்குச் செல்லாது என்பது பில் வந்தபின்தான் தெரிந்தது. தீசிஸ் இன்னும் மோசம். ஒரு வழிகாட்டி காரண காரியத்தை நிரூபித்தாயா என்கிறார், இன்னொருவர் கோட்பாடு எங்கே என்கிறார், ஒருவருடைய கமெண்ட்டை இன்னொருவர் படித்ததாகவே தெரியவில்லை.

வேலையைப் பொறுத்தவரை, மத்திய வங்கி, வர்த்தக அமைச்சகம், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனம், அரசியல் அபாயம் பற்றி ஆலோசனை சொல்லும் நிறுவனம், இங்கெல்லாம் இந்தச் சேர்க்கைக்கு மதிப்பு உண்டு. உலக வங்கியின் யங் ப்ரொஃபஷனல்ஸ் திட்டத்துக்கு முதுகலையோடு விண்ணப்பிக்கலாம், போட்டி கடுமை. ஐஎம்எஃப்பில் பொருளாதார நிபுணராகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம்தான் குறி என்றால் இதை எடுக்க வேண்டாம். அட்மிஷன் குழு பார்ப்பது ரியல் அனாலிசிஸ் என்ற உயர் கணிதப் பாடத்தின் மதிப்பெண்ணை, மெமோவை அல்ல. மூன்றாவது வருடத்துச் செலவில் கணிதப் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். தூதரகப் பணிதான் குறி என்றால் மொழியில் நேரம் போடுங்கள். அமெரிக்காவின் பிளெட்சர் மாதிரியான சர்வதேச உறவுகள் பள்ளிகள் இரண்டாம் மொழித் தேர்ச்சியைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன.

சேரத்தான் போகிறேன் என்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை கிரெடிட் இரண்டு பக்கமும் கணக்காகும், எந்த செமஸ்டரில் யாருக்குக் கட்டணம், ஸ்காலர்ஷிப் எதுவரை செல்லும், கடைசியாக முடித்த மாணவர்களில் எத்தனை பேரின் தீசிஸில் இரண்டு துறைப் பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் ஒன்றாக வருகிறதா, இரண்டாக வருகிறதா என்றும் பாருங்கள்.