எம்எல்பி பைப்லைனா, ஃபேன்கிராஃப்ஸா?

அமெரிக்க பேஸ்பாலில் வளரும் வீரர்களை வரிசைப்படுத்தும் இரண்டு இணையப் பட்டியல்கள் இவை. ஒரே அணியின் மைனர் லீக் (உச்ச நிலையான மேஜர் லீக்குக்குக் கீழுள்ள நிலைகள்) இளைஞர்களை இவை இரண்டும் வெவ்வேறு வரிசையில் வைக்கும்போது, எதைப் பார்ப்பது என்று ரசிகர்கள் தடுமாறுகிறார்கள்.

நீளம்: பைப்லைனில் அணிக்கு 30 பேர், அவ்வளவுதான். ஃபேன்கிராஃப்ஸ் குறைந்தபட்ச மதிப்பெண் எட்டிய எல்லோரையும் சேர்க்கும். வளமான அணி என்றால் 40ஐத் தாண்டும்.

மதிப்பெண்: இரண்டிலும் ஸ்கௌட்டுகளின் (வீரர்களின் திறனை எடைபோடுபவர்களின்) 20–80 அளவுகோல்தான், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஆனால் ஃபேன்கிராஃப்ஸ் ஒரே மதிப்பெண்காரர்களைக் கூட்டமாகக் காட்டுகிறது. 12ஆம் இடத்துக்கும் 20ஆம் இடத்துக்கும் இடையே பல நேரம் பெரிய வித்தியாசமே இல்லை என்பது பார்த்ததும் புரியும். எனக்கு இதுதான் அதன் பெரிய பலம். பைப்லைனிலும் மதிப்பெண் உண்டு, ஆனால் கண் இட எண்ணிலேயே நின்றுவிடும்.

புதுப்பிப்பு: அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்ட், அப்புறம் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுக்கான கெடு முடிந்ததும் பைப்லைன் பட்டியலைத் திருத்திவிடும். ஃபேன்கிராஃப்ஸ் அணி அணியாக எழுதுவதால் உங்கள் அணிக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

புதிதாகப் பின்தொடர்பவருக்கும், அடுத்து மேலே வரப்போவது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கும் பைப்லைன் சரி. டிரேடில் வந்த, பெயரே கேட்டிராத ரூக்கி லீக் (மைனர் லீக்கின் அடிநிலை) பையனை எடைபோட வேண்டுமா? ஃபேன்கிராஃப்ஸைத்தான் திறக்க வேண்டும்.