ஸ்டான்ஃபோர்டு உணவுப் பாடம்: ஒரு மில் விடுதிச் சமையலறையிலிருந்து

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் சமையலறைப் பொறுப்பு எனக்கு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, கோர்சரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் உணவும் ஆரோக்கியமும் பற்றி ஓர் அறிமுக வகுப்பு வைத்திருக்கிறது. அதை முழுதாகப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெரிய இடத்துப் பாடம் நம் அடுப்படிக்கு ஆகுமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆகும், ஆனால் பாதி வழிக்குத்தான்.

பாடம் எடுப்பவர் டாக்டர் மாயா ஆடம். எல்லாமே சின்னச் சின்ன வீடியோ, நிதானமான ஆங்கிலம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று ஆரம்பித்து, பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருப்பதைப் படிப்பது வரை போகிறது. அப்புறம் சமையலும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டாக்டர்களை உருவாக்குகிற இடம் கத்தியையும் காய்கறியையும் பாடமாக எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோது, நான் செய்கிற வேலைக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது.

குறை என்னவென்றால், அவர்களுடைய கவலை அளவுக்கு மீறிய சாப்பாடு. அதே பள்ளியில் 609 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட பேர்பெற்ற ஆய்வும் எடை குறைப்பதைப் பற்றித்தான். என் விடுதியின் கவலை வேறு. இங்கே ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ரத்தம் பத்தவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு.

அதற்கு விடை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் கிடைத்தது. அதுவும் நமக்குப் பக்கத்தில் பிறந்ததுதான். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் குன்னூரில் சின்னதாகத் தொடங்கிய ஆராய்ச்சி, 1958இல்தான் ஹைதராபாத் போனது. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறார்கள். அவர்கள் 2017இல் போட்ட உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் பார்த்தால், தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் ஆறுக்கு மேல், கொள்ளில் எட்டுக்கு மேல். கொள்ளுப் பருப்பும் கம்மஞ்சோறும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. அரிசிக்கு மாறியதில் எவ்வளவு விட்டுவிட்டோம் என்று மனசு கனத்துப்போனது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் கொள்ளு கடைசல், கூடவே எலுமிச்சை. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும் என்பதால் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். "ஏனுங்க்கா, டீ இல்லாம எப்புடிங்க்கா நைட் ஷிப்ட் போறது?" என்று சண்டைக்கே வந்தார்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தருகிறோம் என்றதும் சரி என்றார்கள்.

விடுதி, மெஸ், பள்ளிச் சமையல் பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டு வகுப்பை முதலில் பாருங்கள், அட்டவணையை வாசிக்க அது கைகொடுக்கும். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். வேலைக்குக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் கட்டுங்கள்.