ஜெனீவாவில் உறுப்பினர், நியூயார்க்கில் பார்வையாளர்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஊர் மாறினால் மரியாதையும் மாறிவிடுகிறது.

ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் அது 1995 ஜனவரி 1 முதல் முழு உறுப்பினர். அதன் 27 நாடுகளும் தனித்தனியே உறுப்பினர்கள்தான். ஆனாலும் எல்லோருக்குமாகப் பேசுவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். வாக்கெடுப்பு வந்தால் மொத்தம் 27 வாக்குகளுக்கு மேல் கிடையாது. ஒருமித்த கருத்தில் முடிவெடுப்பதே அங்கே வழக்கம் என்பதால் அந்தக் கணக்கு ஏட்டோடு சரி.

நியூயார்க்கில் நிலைமை வேறு. ஐ.நா. சாசனத்தின் 4ஆவது பிரிவு நாடுகளை மட்டுமே உறுப்பினராக ஏற்கிறது. எனவே 1974 முதல் பார்வையாளர் தகுதிதான். 2010 செப்டம்பரில் பொதுச்சபையில் கூடுதல் உரிமை கேட்டபோது, 76க்கு 71 என்ற வாக்கில் விஷயத்தையே ஒத்திவைத்தார்கள். பேசிச் சரிக்கட்டிய பிறகு, 2011 மே 3 அன்று 180 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. கிடைத்தது என்ன? நாடுகளின் பெரும் குழுக்களுக்காகப் பேசும் பிரதிநிதிகளோடு சேர்ந்து முன்னதாகப் பேசலாம். திருத்தமும் முன்மொழியலாம், ஆனால் உறுப்பு நாடு ஒன்று கேட்டால்தான் அது வாக்குக்கு விடப்படும். இருக்கை பார்வையாளர் வரிசையிலேயே, வாக்கு இல்லை. மேடையேற்றி வாழ்த்துரை கேட்டுவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை.

ஜெனீவா ஏற்பாடே எனக்கு நேர்மையாகப் படுகிறது: வர்த்தகக் கொள்கை உண்மையிலேயே ஒன்றியத்தின் கையில் இருக்கிறது, அதனால் அதுவே பேசுகிறது. வெளியுறவில் அப்படியில்லை. 2012இல் பாலஸ்தீனத்துக்குப் பார்வையாளர் நாடு என்ற தகுதி தரும் வாக்கெடுப்பில் பிரான்ஸ் ஆதரித்தது, ஜெர்மனி விலகி நின்றது, செக் குடியரசு எதிர்த்தது.