கீமோ, கரண்ட் சிகிச்சையில் வாய்ப்புண்: உப்பு சோடா நீரா, தேனா, மஞ்சளா, நல்லெண்ணெயா?

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறிய ஐந்து முதல் பத்து நாளுக்குள் வாய் எரியத் தொடங்கும். தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தெரியும். சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். பார்க்க வருகிற எல்லோரும் "உடம்புச் சூடுதான்" என்று சொல்லி ஆளுக்கொரு கைவைத்தியம் தருவார்கள். இது சூட்டால் வந்த புண் அல்ல. வாயின் உள்தோல் சில நாட்களுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. மருந்தும் கதிரும் அந்தப் புதுச் செல்களையும் சேர்த்தே அழிப்பதால் தோல் மெலிந்து உரிகிறது. எனவே கொப்பளிக்கும் நீர் இந்தப் புண்ணை ஆற்றப்போவதில்லை. வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்து, புண் வழியே கிருமி இரத்தத்தில் ஏறாமல் காப்பதுதான் அதன் வேலை. இந்த அளவுகோலில் பார்த்தால், சுவையிலும் குணத்திலும் மிகச் சப்பென்று இருப்பதே முந்துகிறது.

உப்பு சோடா நீர்

கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய 1 தேக்கரண்டி (5 மி.லி. கரண்டி) தூள் உப்பு, அதே அளவு ஆப்ப சோடா. அவ்வளவுதான். கல் உப்பு வேண்டாம். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும், அடியில் மண்ணும் தங்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் சோடாவில்தான். பேக்கிங் பவுடரில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், அது உதவாது. சலவை சோடா என்பது வேறு பொருள். புண்பட்ட வாயை அரித்துவிடும். ஆப்ப சோடாவையே கொதிக்கும் நீரில் போட்டால் அதில் ஒரு பகுதி அந்தச் சலவை சோடாவாகவே மாறிவிடும். நீர் வெதுவெதுப்புக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். மூடிய கண்ணாடி பாட்டிலில் வைத்து, 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

பல் செட் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஒரு வாய்க்கு 15 முதல் 30 மி.லி.; அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் நல்லது. புண் வருமுன் நாளைக்கு நான்கு முறை போதும். வந்துவிட்டால் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை. காலையில் ஒருமுறை பத்து நிமிடம் கொப்பளிப்பதைவிட அரை நிமிட வீதம் எட்டு முறை கொப்பளிப்பதே பலன் தரும். உப்பு எரிந்தால் உப்பை விட்டுவிட்டுச் சோடா மட்டும் போடலாம். வாந்தி எடுத்த உடனே கொப்பளிக்க இதைவிட நல்லது இல்லை; வயிற்று அமிலத்தைச் சோடா அடக்கும், பிசினாகக் கெட்டித்த எச்சிலையும் இளக்கும்.

தேன்

உப்பு சோடா நீருக்கு நிஜப் போட்டி தேன் மட்டுமே. பன்னாட்டு வல்லுநர் அமைப்பான எம்.ஏ.எஸ்.சி.சி. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சு பெறுவோருக்குப் புண் வராமல் தடுக்கத் தேனைப் பரிந்துரைக்கிறது. ஆய்வுகளில் பரவலாகக் கையாண்ட முறை: 20 மி.லி. தேன், கதிர்வீச்சுக்குக் கால் மணி முன், கால் மணி பின், பிறகு படுக்கப் போகும்போது. வாய் முழுக்கச் சுழற்றி மெல்ல விழுங்க வேண்டும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். நாளைக்கு 60 மி.லி. தேன் என்றால் ஏறக்குறைய 65 முதல் 70 கிராம் சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கதிர்வீச்சால் எச்சில் வற்றிய வாயில் பல் சொத்தை வேறு வேகமாகப் பரவும். அரை மணி கழித்து உப்பு சோடா நீரால் வாயைக் கழுவிவிட வேண்டும். இன்னொன்று: ஆசையாக மலைத்தேன், கொம்புத்தேன் தேடி வாங்கி வருகிறார்கள். பதப்படுத்தாத தேனில் கிருமி விதைகள் இருக்கும், வெள்ளணு குறைந்த நாட்களில் அது ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கிடையாது. புரையேறுகிறவர்களுக்கும் வேண்டாம்.

மஞ்சள் நீர்

மஞ்சளை முற்றிலும் ஒதுக்க முடியாது. மங்களூரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளித்தவர்களைவிட மஞ்சளால் கொப்பளித்தவர்களுக்குப் புண் தாமதமாக வந்தது, கடுமையும் குறைந்தது. ஆனாலும் மேலே சொன்ன வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குப் போகவில்லை. வீட்டில் செய்யும்போது சிக்கல் வேறு. மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். கரையாத தூள் புண்ணில் உரசும். கடைத் தூளில் நிறத்துக்காக ஈயச் சாயம் கலந்த கதைகளும் உண்டு. வாயெல்லாம் மஞ்சளாகிவிட்டால் வெள்ளைப் படலமோ புதுச் சிவப்போ மருத்துவர் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெயும் மற்றவையும்

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு இந்தக் காலத்துக்கு ஆகாது. விழுங்கும் தசைகள் சோர்ந்திருக்கும்போது எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் இருமிக்கூட வெளியேற்ற வராது, நுரையீரலில் அழற்சி உண்டாக்கும். குமட்டலும் கூடும். தேங்காய் எண்ணெயை உதட்டில் மெல்லத் தடவலாம். கரண்ட் வைக்கப் போகுமுன் மட்டும் தடவ வேண்டாம்.

படிகாரம், மாசிக்காய், திரிபலா, கொய்யா இலைக் கஷாயம் எல்லாம் துவர்ப்பு. ஏற்கெனவே காய்ந்த தோலை இன்னும் இறுக்கும். கிராம்பு மரத்துப்போகச் செய்யும், ஆனால் அதன் எண்ணெய் திறந்த புண்ணைச் சுடும். மணத்தக்காளிக் கீரையைக் காரமில்லாமல் வேகவைத்துச் சாப்பிடுங்கள், பச்சை இலையை மெல்ல வேண்டாம்.

கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் இந்த வரிசையில்தான் சேரும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் இன்னும் பலர் கையில் இருக்கிறது. தலை, கழுத்துக் கதிர்வீச்சில் புண்ணைத் தடுக்க அது வேண்டாம் என்றே 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இடத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது அழற்சியைத் தணிக்கும் பென்சிடமைன் கொப்பளிப்பு மருந்து.

துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு எந்தக் கொப்பளிப்பும் போதாது. மாத்திரையோ சொட்டு மருந்தோ வேண்டும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலும், புண்ணில் இரத்தம் நிற்கவில்லை என்றாலும் காத்திருக்காதீர்கள். கீமோ நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.