வாங்க வந்தவரே பழுது கண்டுபிடித்தால், வண்டியை அன்றைக்கு விற்காதீர்கள்

ஆன்லைனில் விளம்பரம் போட்டு கார் விற்கும்போது நமக்கு இரண்டு பயம்தான் இருக்கும். பணம் வராமல் போய்விடுமோ என்பது ஒன்று, ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியோடு ஓடிவிடுவார்களோ என்பது இன்னொன்று. என் அக்காவுக்கு இந்த இரண்டுமே நடக்கவில்லை. பணம் ரொக்கமாகக் கைக்கு வந்தது. வாங்கியவர் ரசீதில் கையெழுத்தும் போட்டார். அப்படியும் அவளை ஏமாற்றிவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் போய்விட்டது என்று நம்பவைத்து, விலையில் ஏறக்குறைய பாதியை அவள் கண்ணெதிரிலேயே பறித்துக்கொண்டு போனார்கள். இதே வித்தை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்கூட கார் விற்பவர்களிடம் நடந்திருக்கிறது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வண்டி விற்கும் எண்ணத்தில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை விவரமாக எழுதுகிறேன்.

விளம்பரம் போட்டதும் பலர் அழைத்தார்கள். பெரும்பாலும் விலையை அடித்துப் பேசுகிறவர்கள். இந்த ஆள் மட்டும் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மரியாதையாகப் பேசினார், வண்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர் மாதிரி கேள்வி கேட்டார். நாங்கள் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நல்ல மெக்கானிக்கும் இதைத்தான் கேட்பார், அதனால் அதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. அது எதற்காக என்பது பிறகுதான் புரிந்தது. சூடான எஞ்சினில் அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அழுத்தத்தோடு இருக்கும், மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மூடியை ஒரு நொடியில் திறந்து மூடலாம்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். "வீட்ல சார் யாராவது இருப்பாங்களா மேடம்? இருந்தா விலை பேச வசதியா இருக்கும்." அக்கா, விற்பது நான்தான், என்னிடமே பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர்களுக்குத் தேவையான தகவல் அதோடு கிடைத்துவிட்டது.

இரண்டு பேர் வந்தார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் எஞ்சினைப் பார்த்தார். மற்றவர் அக்காவைப் பின்பக்கம் கூப்பிட்டு, ஸ்டெப்னி எப்படி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறதா, டிக்கியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பானெட் தூக்கியிருக்கும்போது பின்னால் நிற்கிறவருக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. அந்தச் சில நிமிடங்கள் அவர்களுக்குப் போதும். ஒரு சிறிய பாட்டில் எஞ்சின் ஆயிலைக் கூலன்ட் டேங்கில் ஊற்றிவிட்டார்கள். சைலன்சர் குழாயின் வாயிலும் கொஞ்சம் விட்டிருக்க வேண்டும்.

பிறகு அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். போகிற வழியிலேயே ஒருவர், ஏதோ எண்ணெய் வாடை வருகிறதே என்றார். திரும்பி வந்ததும் பின்னால் புகை. பானெட்டைத் தூக்கி, துணியைச் சுற்றி மெல்லத் திறந்த கூலன்ட் டேங்கைக் காட்டினார்கள். மேலே எண்ணெய் படலமாக மிதந்துகொண்டிருந்தது. "அக்கா, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினுக்குள்ள ஆயிலும் கூலன்ட்டும் கலக்காம தடுக்கிற தகடு அது. இத வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினா எஞ்சின் சீஸ் ஆகி, இறுகி நின்னுடும். உங்களுக்குத் தெரியாமத்தான் இருந்திருக்கும், உங்கள நாங்க குத்தம் சொல்லல." அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பழுதான வண்டியை நல்ல வண்டி என்று விற்கப் பார்த்தோமோ என்கிற கூச்சத்தை அவள் மனதில் போட்டுவிட்டு, அதை மன்னிப்பது போலவும் பேசியிருக்கிறார்கள். நேர்மையாக இருக்கிறவரிடம்தான் இந்தப் பேச்சு எடுபடும், அது அவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. போகக் கிளம்பினார்கள், வாசல் வரை போனார்கள், யாரிடமோ போனில் பேசினார்கள், திரும்பி வந்தார்கள். தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது, ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க இவ்வளவு ஆகும், அதைக் கழித்துக்கொண்டு இன்றைக்கே ரொக்கமாகத் தந்துவிடுகிறோம், இழுத்துக்கொண்டு போகிற செலவும் எங்களுடையது என்றார்கள். மற்றவர்களிடம் இதை மறைத்து விற்க வேண்டியிருக்கும் என்று நினைத்து அக்கா ஒத்துக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்தது, அந்த வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் அவள் சொன்னபோது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் எப்படிம்மா இருந்துச்சு, தெளிவாவா, மோர் மாதிரி கலங்கியா?" தெளிவாக மிதந்தது என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், இந்தப் பதிவில் மிக முக்கியமானது இதுதான். எண்ணெய் கூலன்ட்டை விட லேசானது. புதிதாக ஊற்றினால் மேலே தனிப் படலமாக மிதக்கும். உண்மையிலேயே எஞ்சினுக்குள் கசிந்து கலந்திருந்தால் பம்ப் அதைச் சுற்றிச் சுற்றிக் கடைந்துவிடும். பழுப்பும் வெள்ளையுமாகக் குழம்பி, மூடியின் உட்புறத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கும். பல நேரம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் அதே பால்நிறம் தெரியும். ஹெட் கேஸ்கெட் போன வண்டி அதற்கு முன்பே சொல்லும்: வெப்பமுள் ஏறும், கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறையும், எஞ்சின் ஓடும்போது டேங்கில் குமிழ் வரும். புகையும் அப்படித்தான். கூலன்ட் எரிந்தால் வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு வரும். எண்ணெய் எரிந்தால் நீலம் பாய்ந்திருக்கும். அக்கா பார்த்தது நீலம் கலந்த புகை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுகூட இல்லை. கூலன்ட் டேங்கின் வாயில் வைத்துச் சோதிக்கிற ஒரு நீலநிறத் திரவம் இருக்கிறது. எஞ்சினில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்தால் அது மஞ்சளாக மாறும். சிறிய ஒர்க்‌ஷாப்பிலும் இதைச் செய்துவிடலாம். கேஸ்கெட் நன்றாக இருந்தாலும் எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் பழுதானால் எண்ணெய் கலக்கக்கூடும், அதற்கான வேலை வேறு, செலவும் வேறு. எது என்று சொல்ல வேண்டியவர் உங்கள் மெக்கானிக். வாங்க வந்தவர் சொல்வதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இதற்குப் பிறகு நான் தினமும் விளம்பரங்களைத் தேடினேன். அதே வண்டி வேறொருவர் பெயரில் விற்பனைக்கு வந்திருந்தது. நம்பர் பிளேட்டை மறைத்திருந்தார்கள், ஆனால் கதவில் இருந்த கீறலும் பின்கண்ணாடியில் அக்கா ஒட்டிய ஸ்டிக்கரும் அப்படியே இருந்தன. "எஞ்சின் பிரிக்காதது, ஒரே உரிமையாளர்" என்று எழுதியிருந்தார்கள். விலை, அக்கா முதலில் கேட்டதைவிட அதிகம். பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி சேமித்து, போலீசில் புகார் கொடுத்தோம். வாங்கியவர் தந்த போன் நம்பர் அணைந்திருந்தது. அடையாள அட்டை நகலில் இருந்த முகவரியில் அப்படி ஒருவரே இல்லை. பறிபோன பணம் திரும்பவில்லை.

எண்ணெய் இல்லாமலும் இதைச் செய்வார்கள். சென்சார் ஒன்றின் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் செக் எஞ்சின் விளக்கு எரியும். உடனே ஒரு சின்ன ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற, வண்டியின் பழுதுகளைப் படிப்பதற்கான ஓபிடி போர்ட்டில் சொருகி, போனில் சிவப்பு எழுத்தில் வருகிற பழுதுக் குறியீட்டைக் காட்டுவார்கள். அந்தப் போர்ட் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் கட்டாயமானது. இன்று பெரும்பாலான புதிய கார்களில் இருக்கிறது. அதில் உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் சொருக விடாதீர்கள். சில மாடல்களில் அதே போர்ட் வழியாகப் புதுச் சாவியை வண்டிக்குப் பழக்கிவிட முடியும், பிறகு அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

எனவே விளம்பரம் போடுவதற்கு முன்பே உங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, ஸ்கேன் செய்து, தேதி போட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். குறைகள் இருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். ஆட்கள் வருகிற அன்று காலையில் கூலன்ட் டேங்க், டிப்ஸ்டிக், மீட்டர் விளக்குகள், புகைக்குழாய் எல்லாவற்றையும் போனில் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டை நீங்களே திறந்து, நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் கூப்பிட்டால், "ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு பாக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். உங்களோடு இன்னொருவர் கட்டாயம் இருக்கட்டும். அவருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண் இருந்தால் போதும். புதுப் பழுது ஒன்று தென்பட்டால், நாளைக்கு எங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அழைக்கிறேன் என்று சொல்லுங்கள். உண்மையாக வாங்க வந்தவர் சரி என்பார். இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று கத்துகிறவர் போகட்டும்.

பணம் வருகிற விதத்திலும் இதே பிடிவாதம் வேண்டும். அவர் போனில் காட்டுகிற "பணம் அனுப்பப்பட்டது" திரையை நம்பி சாவியைக் கொடுக்காதீர்கள், அந்தப் படத்தைப் போலியாகச் செய்கிற செயலிகள் இருக்கின்றன. உங்களுக்கு வருகிற எஸ்எம்எஸ்கூட சான்று ஆகாது, வங்கியின் பெயரில் யாரும் அனுப்பலாம். உங்கள் வங்கிக் கணக்கை உங்கள் போனில் நீங்களே திறந்து பாருங்கள். செக்கும் டிமாண்ட் டிராஃப்டும் இதைவிட ஆபத்து. போட்ட உடனே கணக்கில் தொகை தெரிகிற வங்கிகள் உண்டு, அது போலி என்று பல நாள் கழித்துத் தெரிந்தால் தொகையை உங்கள் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் வண்டி போயிருக்கும். விலையைவிட அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியை வண்டி ஏற்றிப்போகிற ஏஜென்டுக்கு அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். முன்பணம் வாங்க கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலும், ஓடிபியோ பின் நம்பரோ போடச் சொன்னாலும் அப்படியே. பணம் பெறுவதற்கு இவை எதுவும் தேவைப்படாது. பெரிய தொகை ரொக்கமாக வந்தால் வங்கிக் கவுன்டரில் எண்ணிக் கட்டிவிட்டு, அங்கேயே சாவியைக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்க்க விடும்போது ஓட்டுநர் உரிமத்தின் அசலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் ஏறுங்கள். இடம் மாறி உட்காரும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும், எஞ்சினை ஓடவிட்டு இறங்காதீர்கள். சாவியைத் திருப்பி வாங்கினால் அது உங்கள் சாவிதானா என்று பூட்டித் திறந்து பாருங்கள். பதிவுப் புத்தகத்தின் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டாம், நேரில் காட்டினால் போதும். நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுத்துகள் மீதே குறுக்காக எழுதிக் கொடுங்கள். வண்டியின் திரையில் புளூடூத்தில் ஏறியிருக்கிற போன் தொடர்புகளையும் வழிகாட்டியில் "வீடு" என்று சேமித்த முகவரியையும் அழித்துவிடுங்கள், வண்டியோடு இணைத்த செயலி இருந்தால் அதிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு வருகிறேன், அக்காவை அதிக நாள் தூங்கவிடாதது இதுதான். நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லி, வாங்கியவர் பெயர் எழுதாத இடத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார்கள். அப்படி இருந்தால் வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் கைமாற்றலாம், பதிவில் மட்டும் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும். அபராத நோட்டீஸ்கள் அவள் பெயருக்கே வரத் தொடங்கின. அந்த வண்டியால் விபத்து நடந்திருந்தால் போலீஸ் முதலில் தட்டியிருக்கிற கதவும் அவளுடையது. வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு விற்பனை ரசீதின் நகலோடும் புகாரின் நகலோடும் எழுதிக்கொடுத்து, பல முறை அலைந்து, கடைசியில் வண்டியைப் புதிதாக வாங்கிய ஒரு குடும்பம் பெயர் மாற்ற வந்தபோதுதான் அது தீர்ந்தது. அவர்களும் பாவம், அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள்.

வெற்றிடம் உள்ள எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீதில் வாங்குபவரின் முழுப்பெயர், முகவரி, சேஸி நம்பர், வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும், நிமிடம் வரை எழுதுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே பதிவு அலுவலகம் போய் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுங்கள். முடியாவிட்டால், விற்றுவிட்டேன் என்ற அறிவிப்பை அன்றைக்கே நீங்கள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். பதிவில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்த பிறகுதான் உங்கள் பெயரில் உள்ள இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டும்.